தமிழ்ப்பள்ளி முடித்துத் தனியார் பள்ளிக்கு: பினாங்குப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

நாங்கள் பினாங்கின் பெருநிலப் பகுதியில், பிறையில் இருக்கிறோம். என் மகள் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு தீவில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்து, பிரிட்டிஷ் பாடத்திட்டத்தின் ஐஜிசிஎஸ்இ தேர்வை எழுதி முடித்தாள். மகன் அதே தமிழ்ப்பள்ளியிலிருந்து அரசாங்க இடைநிலைப்பள்ளிக்குப் போனான். இரண்டு பாதையையும் ஒரே வீட்டிலிருந்து பார்த்ததால், ஒவ்வோர் ஆண்டும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் இவைதான். எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைத்தால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

தனியார் பள்ளி என்றால் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. இங்கேதான் பலர் முதல் அடியிலேயே தடுமாறுகிறார்கள். மூன்று வகை இருக்கிறது. முதல் வகை, அரசாங்கப் பாடத்திட்டத்தையே நடத்தும் தனியார் பள்ளி. கட்டடமும் வகுப்பு அளவும் வேறு, ஆனால் ஐந்தாம் படிவத்தில், அதாவது பதினேழு வயதில், எழுதுவது எஸ்பிஎம் என்ற அரசாங்கத் தேர்வுதான். இரண்டாவது, சர்வதேசப் பள்ளி. இதில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் ஐஜிசிஎஸ்இ வரை கொண்டுபோகும். சில ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தை நடத்தும், சில அமெரிக்கப் பாடத்திட்டம். மூன்றாவது, சீன சுயேச்சைப் பள்ளி. பினாங்கில் சுங் லிங், ஹான் சியாங் என்று பெயர் கேட்டிருப்பீர்கள். அங்கே பாடமொழி மாண்டரின், தேர்வு யுஇசி என்ற, அந்தப் பள்ளிகளின் சொந்தத் தேர்வு. 1975 முதல் நடக்கும் தேர்வு அது. வீட்டில் யாருக்கும் மாண்டரின் தெரியாமல், தமிழ்ப்பள்ளியிலிருந்து நேராக அங்கே அனுப்புவது பிள்ளைக்குப் பெரிய சுமை. சீனப் பள்ளியில் ஆரம்பக் கல்வி முடித்த தமிழ்ப் பிள்ளைகள் சிலர் போகிறார்கள், நன்றாகவும் படிக்கிறார்கள். அது வேறு கதை.

பினாங்கில் சர்வதேசப் பள்ளிகள் இன்று நேற்று வந்தவை அல்ல. அப்லண்ட்ஸ் 1955-இல் பினாங்குக் கொடிமலையில் தொடங்கியது, இப்போது பத்து பெரிங்கியில் இருக்கிறது. தஞ்சோங் பூங்காவில் இருக்கும் டாலாட் பள்ளி, வியட்நாமின் டாலாட் நகரில் பிறந்து, போரினால் இடம் மாறி, கேமரன் மலை வழியாக 1971-இல் பினாங்குக்கு வந்தது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு அகலமாகத் திறந்தது பிறகுதான். 2012 வரை சர்வதேசப் பள்ளிகளில் மலேசியர்கள் 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பு இருந்தது. அதை எடுத்த பிறகு புதுப் பள்ளிகள் நிறைய வந்தன. போட்டி வந்ததால் கட்டணத்திலும் பல படிகள் வந்தன.

எந்தப் பள்ளி நல்ல பள்ளி?

இந்தக் கேள்வியை நான் எப்போதும் திருப்பிக் கேட்பேன்: பதினேழு வயதில் உங்கள் பிள்ளை எந்தத் தேர்வுத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும்? பள்ளியின் பெயர், நீச்சல் குளம், சிவப்பு டை எல்லாம் அப்புறம்.

எஸ்பிஎம் எழுதினால் மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய அரசாங்கப் படிப்பு), ஆறாம் படிவம், பொதுப் பல்கலைக்கழகம், அரசாங்க உபகாரச் சம்பளம் எல்லாவற்றுக்கும் நேர்வழி இருக்கிறது. ஐஜிசிஎஸ்இ மட்டும் எழுதினால் மெட்ரிகுலேஷன் வழி கிடையாது. ஏ-லெவல், ஃபவுண்டேஷன், டிப்ளோமா என்று தனியார் கல்லூரி வழியாகவே மேலே போக வேண்டும், அதற்கும் பணம் கட்ட வேண்டும். ஆக, ஐஜிசிஎஸ்இ பள்ளியில் சேர்ப்பவர்கள் ஐந்து ஆண்டுச் செலவைக் கணக்குப் போட்டால் போதாது. அதன் பிறகு வரும் இரண்டு ஆண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. எஸ்பிஎம் சான்றிதழ் கிடைக்க மலாய் மொழியிலும் வரலாற்றிலும் கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டும். வரலாறு 2013 முதல் அப்படி ஆனது. அரசாங்க வேலை என்று பின்னால் நினைத்தால் எஸ்பிஎம் மலாய் மொழியில் கிரெடிட் கேட்பார்கள். பதின்மூன்று வயதில் யாரும் இதை யோசிப்பதில்லை. மருத்துவம் படித்து முடித்த பிறகு மலாய்த் தாளுக்காக அலைந்தவர்களை எனக்குத் தெரியும். சர்வதேசப் பள்ளிப் பிள்ளைகள் இந்தத் தாள்களைத் தனியார் வேட்பாளராக, அதாவது பள்ளி வழியாக இல்லாமல் தாங்களே பதிந்து, எழுதலாம். என் மகள் மலாய், வரலாறு, தமிழ் மூன்றையும் அப்படித்தான் எழுதினாள். சேர்க்கும்போதே பள்ளியில் கேளுங்கள்: எஸ்பிஎம் மலாய்க்கு நீங்கள் தயார் செய்வீர்களா, இல்லை நாங்களே டியூஷன் பார்க்க வேண்டுமா? சர்வதேசப் பள்ளிகளில் மலேசியப் பிள்ளைகளுக்கு மலாய் மொழி வகுப்பு கட்டாயம் உண்டு. ஆனால் வகுப்பு இருப்பது வேறு, எஸ்பிஎம் தரத்துக்குக் கொண்டுபோவது வேறு.

உண்மையில் எவ்வளவு செலவாகும்?

பள்ளிகள் காட்டும் கட்டணத் தாளில் முதல் ஆண்டுதான் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது கடைசி ஆண்டு. வகுப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். பாடப் படிநிலை மாறும்போது, அதாவது ஐஜிசிஎஸ்இ தொடங்கும் பத்தாம் ஆண்டில், ஒரு துள்ளல் இருக்கும். அதற்கு மேல் ஆண்டுதோறும் பொதுவான உயர்வு வேறு.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எந்தப் பள்ளியின் கணக்கும் இல்லை, கணக்கின் போக்கு தெரிவதற்காக மட்டும். முதல் ஆண்டு 24,000 ரிங்கிட், ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்வு என்று வையுங்கள். இரண்டாம் ஆண்டு 25,200. மூன்றாம் ஆண்டு 26,460. நான்காம் ஆண்டு 27,783. ஐந்தாம் ஆண்டு ஏறக்குறைய 29,172. கூட்டினால் 132,615 ரிங்கிட். "ஆண்டுக்கு இருபத்து நாலாயிரம், மாதம் இரண்டாயிரம்தானே" என்று மனத்தில் போட்ட கணக்கு 120,000. இடையில் இருக்கும் பன்னிரண்டாயிரத்துச் சொச்சத்தை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு வெளியே வருபவை: விண்ணப்பக் கட்டணம், பதிவுக் கட்டணம், டெபாசிட், சீருடை (விளையாட்டுக்குத் தனி, நீச்சலுக்குத் தனி, இல்லச் சட்டை தனி), புத்தகம், மடிக்கணினி, தேர்வுக் கட்டணம், வேன், சாப்பாடு, பள்ளிப் பயணம். ஐஜிசிஎஸ்இ தேர்வுக் கட்டணம் பாடத்துக்குப் பாடம் தனித்தனியாக வரும். எட்டு பாடம் எழுதும் பிள்ளைக்கு அந்த ஒரு ரசீதே கையைச் சுடும். 2025 ஜூலை 1 முதல், ஆண்டுக் கட்டணம் 60,000 ரிங்கிட்டைத் தாண்டும் தனியார் பள்ளிகளுக்கு 6 விழுக்காடு சேவை வரியும் உண்டு. நம்மில் பலர் பார்க்கும் பள்ளிகள் அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கும். ஆனாலும் மேலே சொன்ன மற்றவற்றை ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்தில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. நல்ல பள்ளி பொறுமையாகப் பதில் சொல்லும்.

டெபாசிட் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும், விதிப்படி நடந்தால். பெரும்பாலும் ஒரு தவணை, அதாவது ஒரு பள்ளிப் பருவத்தின் கட்டணத்தை டெபாசிட்டாக வாங்குவார்கள். பள்ளியை விட்டுப் போகும்போது, ஒரு முழுத் தவணைக்கு முன்பே எழுத்து மூலம் அறிவித்திருந்தால் திருப்பித் தருவார்கள்.

நாங்கள் அதை இழந்தோம். மகளை முதலில் சேர்த்தது வேறொரு பள்ளியில். ஓராண்டில் அவளுக்கு அது ஒத்துவரவில்லை. வகுப்பாசிரியரிடம் செப்டம்பரிலேயே வாயால் சொன்னேன், அவரும் சரி என்றார். டிசம்பரில் கடிதம் கொடுத்தபோது, "கடிதம் கொடுத்த நாளிலிருந்துதான் தவணை கணக்கு" என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தத்தை வீட்டில் எடுத்துப் பார்த்தேன். ஆறாவது பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது, கீழே என் கையெழுத்து. அந்தப் பணம் என் கணவர் இரவு வேலை பார்த்துச் சேர்த்தது. அதனால்தான் யார் கேட்டாலும் இதை முதலில் சொல்கிறேன்: ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எதையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

நுழைவுத் தேர்வு கடினமா? தமிழ்ப்பள்ளிப் பிள்ளை தேறுமா?

பொதுவாக ஆங்கிலமும் கணிதமும் இருக்கும். சில பள்ளிகளில் கேட்4 என்ற சிந்தனைத் திறன் தேர்வு. படங்கள், வடிவங்கள், எண் வரிசைகள் என்று கணினியில் வரும். அப்புறம் பிள்ளையோடு ஒரு நேர்காணல்.

என் மகள் கணிதத்தில் கெட்டிக்காரி. தமிழ்ப்பள்ளிக் கணிதம் யாருக்கும் இளைத்ததில்லை என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் தேர்வு முடிந்து வெளியே வந்தவள் காரில் ஏறியதும் கேட்டாள்: "அம்மா, பெரிமீட்டர்னா என்ன?" சுற்றளவு என்றேன். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. "சுற்றளவா? அது எனக்குத் தெரியுமே!" அந்தத் தாளில் நான்கு கேள்வியை அவள் விட்டிருந்தாள். நான்கும் அவளுக்குத் தெரிந்த கணக்கு. சொல் மட்டும் தெரியவில்லை.

அன்று இரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடுவே கோடு போட்டோம். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலச் சொல்: பின்னம், தசமம், பரப்பளவு, கொள்ளளவு, சராசரி, மடங்கு, காரணி. கணிதத்துக்கு ஏறக்குறைய எண்பது சொல் வந்தது, அறிவியலுக்கு இன்னும் கூட. ஒளிச்சேர்க்கை, ஆவியாதல், உராய்வு என்று. இரண்டு மாதம் தினமும் பத்துச் சொல். அடுத்து எழுதிய நுழைவுத் தேர்வில் அவள் எந்தக் கேள்வியையும் விடவில்லை. ஐந்தாம் ஆண்டிலேயே இந்த நோட்டைத் தொடங்கிவிடுங்கள். விலை உயர்ந்த தயார்நிலை வகுப்பு எதுவும் தேவையில்லை. இருமொழித் திட்டத்தில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் படித்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

நேர்காணலில் பிள்ளையிடம் பாடத்தைக் கேட்பதில்லை. என்ன படிக்கப் பிடிக்கும், சனிக்கிழமை என்ன செய்வாய் என்றுதான் கேட்பார்கள். மனப்பாடம் செய்த பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் அவர்கள். என் மகள் பாட்டியோடு முறுக்குச் சுடுவதைப் பற்றிச் சொன்னாள். மாவில் எவ்வளவு தண்ணீர், அச்சை எப்படிப் பிழிவது என்று ஐந்து நிமிடம் பேசினாளாம்.

எந்த வகுப்பில் சேர்ப்பார்கள்?

எஸ்பிஎம் நடத்தும் தனியார் பள்ளி என்றால் படிவம் 1, குழப்பமில்லை. பிரிட்டிஷ் முறையில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை, பிறந்த மாதத்தைப் பொறுத்து ஏழாம் ஆண்டிலோ எட்டாம் ஆண்டிலோ வரும். ஆங்கிலம் கொஞ்சம் பின்தங்கியிருந்தால் ஏழாம் ஆண்டைக் கேட்டு வாங்குங்கள். ஓராண்டு கூடக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும், ஆனால் பிள்ளைக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். இன்னொரு விஷயம், நம் அரசாங்கப் பள்ளிகளின் 2026 கல்வியாண்டு ஜனவரிக்குத் திரும்பிவிட்டது. பல சர்வதேசப் பள்ளிகளின் ஆண்டு ஆகஸ்டு அல்லது செப்டம்பரில் தொடங்கும். ஜனவரியில் பிள்ளைகளை எடுக்கிறார்களா என்று கேளுங்கள். எடுத்தால் வகுப்பு நடு ஆண்டில் இருக்கும், விட்டுப்போன பாடத்துக்கு என்ன உதவி என்றும் கேட்டுவிடுங்கள்.

என்னென்ன பத்திரம் வேண்டும்?

பிறப்புப் பத்திரம், மைகிட் அல்லது மைகார்டு, அப்பா அம்மா மைகார்டு நகல், கடைசி இரண்டு ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை, தடுப்பூசி அட்டை, பள்ளி விலகல் கடிதம், கடப்பிதழ் அளவுப் படம். தமிழில் இருக்கும் சான்றிதழ்களுக்குத் தலைமையாசிரியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி கல்வி அமைச்சில் முறைப்படி பதிவு பெற்றதா என்பதையும் நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டும், அது உங்கள் உரிமை.

தமிழ் என்ன ஆகும்?

இதைக் கேட்கும் பெற்றோர் குறைவு. எனக்கோ இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இந்த நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. தமிழ்வழி இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. அரசாங்க இடைநிலைப்பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்த வேண்டும் என்று 1996 கல்விச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தனியார் பள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மொழிப் பாடமாக மாண்டரின் இருக்கும், பிரெஞ்சு இருக்கும், ஸ்பானிஷ்கூட இருக்கும். தமிழ் பெரும்பாலும் இருக்காது. மலேசியாவில் தமிழ்க் கல்விக்கு வயது 200 என்று 2016-இல் நாம் கொண்டாடினோமே, அந்தக் கணக்கு 1816-இல் இதே பினாங்கில், ஃப்ரீ ஸ்கூலில் இருந்துதான் தொடங்குகிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு நம் பிள்ளை பன்னிரண்டு வயதோடு தமிழ் எழுதுவதை நிறுத்தினால் எனக்கு நெஞ்சு பொறுக்காது.

நாங்கள் செய்தது இதுதான். முதல் தவணை முடிவதற்குள்ளேயே ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரைப் பிடித்தோம். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், எங்கள் வீட்டிலேயே, நான்கு பிள்ளைகள். எஸ்பிஎம் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையே எடுத்துக்கொண்டார்கள்: கட்டுரை, இலக்கணம், செய்யுள், மொழியணி. முதல் ஆண்டு மகள் முனகினாள். நண்பர்கள் எல்லாம் சனிக்கிழமை தூங்குகிறார்கள், நான் மட்டும் குற்றியலுகரம் படிக்க வேண்டுமா என்று கேட்டாள். நான் விடவில்லை. மூன்றாம் ஆண்டில் அவளே பள்ளியில் தீபாவளி ஒன்றுகூடலுக்கு அறிவிப்பை இரண்டு மொழியில் எழுதிக்கொடுத்தாள். ஐந்தாம் ஆண்டில் எஸ்பிஎம் தமிழ்த் தாளைத் தனியார் வேட்பாளராக எழுதினாள். பதிவு காலத்தைத் தவறவிடக்கூடாது. தனியார் வேட்பாளருக்கு நினைவூட்ட எந்தப் பள்ளியும் இருக்காது, நாம்தான் மாநிலக் கல்வி இலாகாவின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வகுப்பு ஒரு பக்கம். வீட்டுப் பேச்சு இன்னொரு பக்கம். சேர்ந்த மூன்றாவது மாதமே பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கும். நமக்கும் பெருமையாக இருக்கும், நாமும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவோம். அங்கேதான் கோட்டை விடுகிறோம். பிள்ளை எந்த மொழியில் பேசினாலும் நீங்கள் தமிழில் பதில் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஆங்கிலம் தெரியாது. அதுவே எங்களுக்குப் பெரிய வரமாகிவிட்டது.

பள்ளிச் சாப்பாடு நம் பிள்ளைகளுக்குச் சரிவருமா?

உணவகம் ஹலால் என்றால் பன்றி இறைச்சி இருக்காது, ஆனால் மாட்டிறைச்சி இருக்கும். பொலோனீஸ், பர்கர் என்று வேறு பெயரில் வரும். பிள்ளைக்கு அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள், "இது என்ன இறைச்சி?" என்று கேட்கப் பழக்குங்கள். சேர்க்கை பாரத்தில் உணவுக் கட்டுப்பாடு என்ற இடத்தில் தெளிவாக எழுதுங்கள். சைவம் என்றால் மீன் சாறும் இறால் பேஸ்ட்டும் கூடாது என்று விளக்கமாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் சம்பலைச் சைவம் என்று நினைத்துக் கொடுத்துவிடுவார்கள். தைப்பூச விரத மாதத்தில் நான் டப்பாவில் கட்டிக்கொடுத்துவிடுவேன். புளிச்சோறும் உருளைக்கிழங்கும். பாதியைத் தோழிகள் சாப்பிட்டுவிடுகிறார்கள் என்று இரண்டு பங்காகக் கட்ட வேண்டியதாயிற்று.

விபூதி, பொட்டு, கறுப்புக் கயிறு, மொட்டை?

பள்ளிக்குப் பள்ளி மாறும். சீருடை விதிப் புத்தகத்தில் காது, மூக்கு, கை என்று தனித்தனியாகப் பாருங்கள். சிறிய பொட்டுக்கும் விபூதிக்கும் நான் அறிந்தவரை யாரும் தடை சொன்னதில்லை. மூக்குத்திக்குத்தான் பேச்சு வரும். விளையாட்டு நேரத்தில் கயிற்றைக் கழற்றச் சொல்வார்கள், அது பாதுகாப்புக்காக.

என் அக்கா மகன் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோவிலில் முடி இறக்கிவிட்டு மறுநாள் பள்ளிக்குப் போகப் பயந்தான். தொப்பி போடலாமா என்று கேட்டான். அக்கா முதல் நாளே வகுப்பாசிரியருக்கு இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டாள். காலையில் ஆசிரியர் அவனைக் கூப்பிட்டு, "நேற்று என்ன நடந்தது, வகுப்புக்குச் சொல்கிறாயா?" என்று கேட்டாராம். வெள்ளி ரதம், தேங்காய் உடைப்பது, பால்குடம் என்று இவன் சொல்லச் சொல்ல, ஒரு கொரியப் பையன் எழுந்து தலையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டிருக்கிறான். முன்கூட்டியே இரண்டு வரி எழுதுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் தெரியாததால்தான் தவறுகிறார்கள்.

வசதியான பிள்ளைகள் நடுவில் நம் பிள்ளை தாழ்வாக உணருமா?

சில நாள் உணரும். விடுமுறை முடிந்து எல்லோரும் ஜப்பான், மெல்பர்ன் என்று பேசும்போது நம் பிள்ளை சுங்கை பட்டாணியில் மாமா வீட்டுக்குப் போனதைச் சொல்லத் தயங்கும். பிறந்தநாள் விருந்து ஹோட்டலில் நடக்கும், பரிசுக்கு என்ன வாங்குவது என்று நமக்கும் திண்டாட்டம். மகளோடு ஒரு முடிவு செய்துகொண்டோம்: பரிசுக்கு இவ்வளவுதான், கைச்செலவுக்கு இவ்வளவுதான், வீட்டு வருமானம் எவ்வளவு என்பது அவளுக்கும் தெரியும். மறைக்கவில்லை. கட்டணத்துக்காக அப்பா கூடுதல் வேலை செய்கிறார் என்பதைக் குற்ற உணர்வு வரும்படி சொல்லாமல், செய்தியாகச் சொன்னோம். ஆனால் பணச் சிரமம் ஆண்டு முழுவதும் கழுத்தை நெரிக்கும் நிலை என்றால், அந்தப் பள்ளி வேண்டாம். வீட்டில் தினமும் சண்டை நடக்கும்போது எந்தப் பள்ளியும் பிள்ளைக்குப் பயன்படாது.

புறப்பாட நடவடிக்கைகள் இந்த இடத்தில் கைகொடுக்கும். இல்லப் போட்டி, நாடகம், விவாதம், கூடைப்பந்து எதுவானாலும் ஒன்றில் முதல் மாதமே சேர்த்துவிடுங்கள். மகளுக்கு நெட்பால் குழுவில்தான் முதல் தோழி கிடைத்தாள்.

பிறையிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் தினமும் பாலம் தாண்டலாமா?

நாங்கள் தாண்டினோம், யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பாலம் 13.5 கிலோமீட்டர்தான், ஆனால் காலை ஏழு மணிக்கு அது வேறு பாலம். தஞ்சோங் பூங்காவைத் தாண்டிப் பத்து பெரிங்கி போகும் சாலை வளைந்து வளைந்து போகும் ஒடுங்கிய சாலை. வேன் ஐந்தே முக்காலுக்கு வாசலில் நிற்கும். மகள் பாலத்தில் ஏறும்போதே தூங்கிவிடுவாள், ஜன்னல் கண்ணாடியில் தலை இடித்து நெற்றியில் ஒரு சிவப்புத் தழும்பு எப்போதும் இருக்கும். இரண்டாவது ஆண்டில் கழுத்துக்கு ஒரு சின்னத் தலையணை தைத்துக்கொடுத்தேன். மாலையில் நடவடிக்கை இருந்தால் வீடு வர ஏழு மணி. தென்பகுதியில் இருப்பவர்கள் பத்து காவான் பக்கமும் இரண்டாவது பாலத்தின் வழியும் முதலில் பாருங்கள். கடைசியில் ஒரு கட்டத்தில் பள்ளியின் பெயரைவிடப் பிள்ளையின் தூக்கம் முக்கியம் என்று எனக்குப் புரிந்தது.

கட்டணச் சலுகை, உபகாரச் சம்பளம் உண்டா?

உண்டு, கேட்டால்தான். அண்ணன் தங்கை சலுகை, முழு ஆண்டையும் முன்கூட்டிக் கட்டினால் சலுகை, நுழைவுத் தேர்வு மதிப்பெண், இசை, விளையாட்டு என்று பகுதி உதவி. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க என்ன மதிப்பெண் வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மூன்றாம் ஆண்டில் சலுகை நின்றுபோய்ப் பிள்ளையை மாற்றிய குடும்பங்கள் இருக்கின்றன. இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியில் 2024 மே முதல் மூன்றாவது கணக்கு வந்து, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றானதும் பலர் அதில் கைவைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஓய்வுக்காலப் பணத்தில் படிவம் 1-க்குக் கட்டணம் கட்டினால், பல்கலைக்கழகம் வரும்போது எதை எடுப்பீர்கள்?

பிள்ளை படிப்பில் சிரமப்படுகிறது. அங்கே உதவி கிடைக்குமா?

கூடுதல் உதவி ஆசிரியர் இருக்கிறாரா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள். பல இடங்களில் தனிக் கட்டணம்தான். டிஸ்லெக்ஸியா போன்றவை இருந்தால் மறைக்காதீர்கள். மறைத்துச் சேர்த்தால் முதல் தவணையிலேயே தெரிந்துவிடும், அப்போது நம்பிக்கை போய்விடும்.

இந்தியாவிலிருந்து வேலைக்காக வந்திருக்கிறோம், எங்களுக்கு?

உங்களுக்குச் சர்வதேசப் பள்ளிதான் நடைமுறை வழி. கடப்பிதழ், சார்ந்திருப்போர் விசா, பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் தேவை. சிபிஎஸ்இயைத் தொடர வேண்டும் என்றால் கோலாலம்பூரில் பாருங்கள். ஓரிரு ஆண்டில் திரும்புவதாக இருந்தால் பாடத்திட்டத்தை மாற்றாமல் இருப்பதே பிள்ளைக்கு நல்லது.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது?

திறந்தநாள் அன்று எல்லாப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும். சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில் நேரம் வாங்கிப் போங்கள். ஓய்வு நேரத்தில் உணவகத்தின் ஓரமாக நின்று பாருங்கள்: தனியாக உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளையை யாராவது கவனிக்கிறார்களா? ஆசிரியர்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? கழிப்பறைக்குள் எட்டிப் பாருங்கள். கடந்த ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள் என்று கேளுங்கள். அப்புறம் மாலையில் வாசலில் காத்திருக்கும் பெற்றோர் இருவரிடம் பேசுங்கள். அரை மணி நேரத்தில் கையேட்டில் இல்லாதது எல்லாம் வந்துவிடும்.

பிடிக்கவில்லை என்றால் அரசாங்கப் பள்ளிக்குத் திரும்பலாமா?

மலேசியப் பிள்ளை என்றால் திரும்பலாம். வீட்டுக்கு அருகில் இருக்கும் பள்ளியில் இடம் கேட்டு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 2 முடிவதற்குள் திரும்புவது எளிது, மலாயும் வரலாறும் அதிகம் விட்டுப்போயிருக்காது. நான்காம் படிவத்துக்குப் பிறகு திரும்பினால் எஸ்பிஎம்முக்கு ஓடிப்பிடிக்க வேண்டியிருக்கும். அதனால் முதல் இரண்டு ஆண்டும் மலாய்ப் புத்தகத்தை வீட்டில் மூடிவைக்காதீர்கள். தனியார் பள்ளிக்கு விலகல் கடிதத்தைக் கொடுத்த அன்றே, பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்திய நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.